இசக்கியம்மா வீட்டு உலை

"அத்தே, எனக்குப் பசிக்கு. சோறு பொங்கிப் போடுங்க."

பிரம்மநாயகி இப்படிக் கேட்டதும் அம்மா அவள் கையில் நறுக்கென்று கிள்ளினாள். வேறு எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று பஸ் ஏறியதிலிருந்து ஓதிக்கொண்டே வந்தவள் அவள். வெள்ளம் வழித்துக்கொண்டு போன வீடு, ஒரு பிடி அரிசி இருக்கிறதோ இல்லையோ. போதாததற்கு மூன்று வருஷமாக அத்தைக்கு உன் மேல் எரிச்சல் வேறு.

அன்று காலையில்கூட இந்தப் பயணம் யார் நினைப்பிலும் இல்லை. பேட்டையில் லேத் பட்டறைக்குப் போயிருந்த அப்பா பிச்சைக்கண்ணு, சேரன்மகாதேவி ரோடு திறந்துவிட்டது என்று யாரோ சொன்னதும் கையில் கிரீஸோடு வீட்டுக்கு ஓடி வந்தார். அக்கா இசக்கியம்மா ஆற்றங்கரை ஊரில் தனியாக இருக்கிறாள். தாமிரபரணி கரை புரண்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. கிளம்புங்கள் என்றார், அவ்வளவுதான். அம்மா அடுப்பிலிருந்த சோற்றைப் புளிக்காய்ச்சலில் கிளறி ஒரு தூக்குச் சட்டியில் அமுக்கினாள். பாதி வழி பஸ், மீதி வழி சகதி.

அத்தை உயிரோடு வாசலில் நின்று சேறு வழித்துக்கொண்டிருந்தாள். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா தூக்குச் சட்டியை நீட்டினாள். வினை அங்கேதான் வந்தது.

"ஏலே பிச்சைக்கண்ணு, சோறு எடுத்துட்டு வந்திருக்கிய. இங்கன யாரு செத்துக் கெடக்கா?"

எழவு வீட்டில்தான் அடுப்பு எரியாது. உறவுக்காரர்கள்தான் பொங்கி எடுத்து வருவார்கள். அவசரத்தில் அம்மாவுக்கு அது தோன்றவேயில்லை. மைனி, அப்படியெல்லாம் நினைக்கல என்று குழறினாள். பார்த்தாச்சுல்லா, இருட்டுமுன்னே போய்ச் சேருங்க என்று அத்தை முதுகைக் காட்டிவிட்டாள். இப்படியே திரும்பிப் போனால் இனி இந்த வாசலில் ஏறவே முடியாது என்பது பிரம்மநாயகிக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அவள் சோறு கேட்டாள்.

அத்தை திரும்பினாள். "எங்க வீட்டுச் சோறு வேண்டாம்னுதான ஒருத்தி காலேஜுக்குப் போனா?"

அத்தை மகன் வன்னியராஜுக்குத்தான் பிரம்மநாயகி என்று அவள் பிறந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். அவள் முடியாது என்று சொல்லிவிட்டுப் போய், குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கினாள். வன்னியராஜ் பம்பாயில் வேறு பெண்ணைக் கட்டிப் பிள்ளையும் பெற்றாயிற்று. அத்தையின் கோபம் மட்டும் இந்த வீட்டைவிட்டுப் போகவில்லை.

"கட்டிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். ஒங்க சோறு வேண்டாம்னு என்னைக்குச் சொன்னேன்? நீங்களா முடிவு பண்ணிக்கிட்டு மூணு வருசமா எனக்குப் போடாம இருக்கிய. ஆத்தோட போயிருந்தியன்னா நான் யார்ட்டப் போயிக் கேப்பேன்?"

குரல் சண்டைக்காரியின் குரல்தான். கண்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

அத்தை கையிலிருந்த சேற்றைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பரண்ல அரிசிப் பானை தப்பிக் கெடக்கு. எறக்குட்டி" என்றாள்.

விறகு ஈரம். புகை வீட்டை அடைத்தது. எல்லார் கண்ணிலும் தண்ணீர்; யாரும் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெள்ளம் அசைக்க முடியாத அம்மியில் அத்தை மிளகாய் வத்தலும் உப்பும் வைத்து அரைத்தாள். உலை கொதித்து வடித்தபின், அம்மாவின் புளிச்சோற்றில் புளி கூடிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு தரம் வாங்கித் தின்றாள். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சோற்றில் புகை வாடை அடித்தது. ஊரிலிருந்து ஆற்றைத் திட்டிக்கொண்டே வந்த பிரம்மநாயகி, அத்தையை விட்டு வைத்தாயே, அது போதும் என்று அதே ஆற்றிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டு கடைசிப் பருக்கைவரை வழித்துத் தின்றாள்.

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அப்பா எழுந்தார். தனக்கு யார் துணையும் வேண்டாம், பையப் பைய எல்லாம் சரியாகும் என்றாள் அத்தை. உள் அறையில் சேறு முழங்கால் மட்டுக்குக் கிடந்தது.

பிரம்மநாயகி கை கழுவினாள். பாவாடையைத் தூக்கிச் செருகினாள். சுவரில் சாய்ந்திருந்த மம்பட்டியை எடுத்தாள்.

"பட்டம் வாங்குன கை சேறு அள்ளுமாட்டி?" என்றாள் அத்தை.

"நேரமாச்சு, வா" என்றார் அப்பா.

"நீங்க போங்கப்பா." மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், சேறு போக வாய்க்கால் வெட்டப் புறவாசலுக்கு இறங்கிப் போனாள்.