சீருக்கு வைத்த கட்டில்

“இன்னும் கொஞ்சம் சாச்சுப் பிடிங்க சித்தி.”

பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் தோளையும் இடுப்பையும் பிடித்து ஏசம்மாளை ஒருக்களித்துத் தாங்கினாள். இவாஞ்சலின் ஈரத்துண்டால் தாயின் முதுகைத் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றுவிட்டது. கன்றிப்போன தோலில், தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் கோரைப்பாய் வரிவரியாகப் பதிந்திருந்தது.

இவாஞ்சலின் சென்னையில் நர்ஸ். அம்மாவுக்கு நெஞ்சு வலி என்றுதான் போனில் சொன்னார்கள். கிடைத்த பஸ்ஸைப் பிடித்துக் காலையில் ராஜபாளையத்தில் வந்து இறங்கினால், வீட்டில் தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிகிறது. எத்தனையோ உடல்களைத் துடைத்து அனுப்பியவள், பெற்றவளை வேறொருத்தி கையில் விடுவாளா? நானே குளிப்பாட்டுகிறேன் என்று பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உயிர் போன பிறகு ரத்தம் கீழே இறங்கித் தங்கும், அடியில் எது கிடந்ததோ அதன் அச்சு தோலில் விழும். அது அவளுக்குத் தெரியும். மெத்தையில் படுத்தவள் முதுகில் பாய் எப்படி வந்தது என்பதுதான் தெரியவில்லை.

“அம்மா எங்க படுத்திருந்தா?”

பிச்சையம்மாளுக்குப் பொய் வராது. “தரையிலதான் தாயி. அவ என்னைக்குக் கட்டில்ல படுத்தா?”

ஏசம்மாள் தன் வயசில் பாதியைத் தளவாய்புரத்து முதலாளிகளுக்கு நைட்டி தைத்தே கழித்தவள். மிஷின் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்தது, பிறகு முதுகும் போயிற்று. தரையில் படுத்தால் எழுந்திரிக்க ஒரு ஆள் வேண்டும். இவாஞ்சலின் வேலைக்குப் போனதும் செய்த முதல் காரியம், அம்மாவுக்கு ஒரு தேக்குக் கட்டிலும் தரமான மெத்தையும் வாங்கிப் போட்டதுதான். போன மே லீவுக்கு வந்துபோன பிறகு வாஷிங் மெஷின், அப்புறம் பிரிட்ஜ். ஹாஸ்டலில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தவணை கட்டினாள். தன் காசில் தாயைக் காலை நீட்டிப் படுக்க வைக்கிற சுகம் இருக்கிறதே, அதைச் சம்பாதிக்கிற பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

அப்பா அருளப்பனுக்கு வேறு சுகம். மகள் பணம் அனுப்பத் தொடங்கியதுமே மில் வேலையை விட்டுவிட்டார். “மக சம்பாதிக்கா” என்று டீக்கடையில் சொல்லிக்கொள்ள ஒரு சட்டை, சர்ச்சுக்குப் போட ஒரு சட்டை. ஃபேனுக்கு நேர் கீழே அவருடைய நைலான் கட்டில். அதற்குப் பக்கத்தில் தரையில் அம்மாவின் பாய்.

போன மே மாசம் லீவில் வந்தபோது கட்டில் மேல் பிளாஸ்டிக் உறையைப் பார்த்துவிட்டு இவாஞ்சலின் சண்டை போட்டாள். இன்றைக்கே பிரித்துவிடுகிறேன் என்று அம்மா சத்தியம் செய்தாள். அதற்குப் பிறகு வீடியோ காலில் வரும்போதெல்லாம் பூப்போட்ட விரிப்பின் மேல் உட்கார்ந்துதான் பேசினாள். அசையும்போதெல்லாம் சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும். டவர் சரியில்லை போல என்று மகளும் நினைத்துக்கொண்டாள். உறைக்கு மேலேயே விரிப்பு என்று இப்போதுதான் புரிந்தது. பேசி முடித்ததும் மடித்து வைத்துவிடுவார்கள். தூ, இதுவும் ஒரு பிழைப்பா!

குளிப்பாட்டி, நல்ல சேலை உடுத்தி, திரும்பவும் அதே பாயில்தான் கொண்டுவந்து கிடத்தினார்கள். சாயங்காலமே அடக்கம், கண்ணாடிப் பெட்டி எதற்கு வீண் செலவு என்று அருளப்பன் சொல்லிவிட்டார். சவப்பெட்டி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரவேண்டும். கூடத்தில் ஜனம் நிறைந்து கசகசத்தது. ஊதுபத்திப் புகையும் வேர்வையும் காப்பி வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. பாமாலை பாடிய பெண்கள் இடையிடையே அடுத்த வாரக் கல்யாணப் பேச்சையும் பேசினார்கள். பாயோரமாக வரிசை பிடித்து வந்த எறும்பு ஒன்று அம்மாவின் வாய்க்கடையில் ஏறியது. இவாஞ்சலின் அதைச் சுண்டிவிட்டாள். அடுத்தது ஏறியது.

எழுந்து உள்ளறைக்குப் போனாள். பூட்டியிருந்தது. அப்பாவிடம் போய்க் கையை நீட்டினாள்.

“சாவியக் குடுங்க. அம்மாவக் கட்டில்ல கிடத்தணும்.”

அருளப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். சத்தம் போடாதே என்று கையால் காட்டினார். அவருடைய அக்கா பொன்மணி முந்திக்கொண்டு வந்தாள். அந்தக் கட்டிலெல்லாம் சீருக்கு வைத்தது, பிரிஸ்கில்லா வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, புதுசு மாறாமல் வைத்திருக்கிறீர்களே என்று மெச்சிவிட்டுப் போயிருக்கிறாள், பெட்டி இப்போது வந்துவிடும், செத்த நேரம் பொறுத்தால் என்ன என்று அடுக்கினாள். பிரிஸ்கில்லா என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தி. அவள் மகன் கிளாட்வினைத்தான் இவாஞ்சலினுக்குப் பேசி வைத்திருந்தார்கள்.

அருளப்பன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “பொணம் கெடந்த கட்டில எவன் சீருன்னு ஏத்துக்கிடுவான்? எல்லாம் ஒனக்குத்தான வச்சிருக்கேன்.”

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அம்மா நிமிர்ந்து படுக்கட்டும் என்று வாங்கியது கட்டில், அம்மா குனிந்து துவைக்கக் கூடாது என்று வாங்கியது மெஷின். எல்லாம் அம்மாவுக்கென்று நினைத்துக்கொண்டு, இத்தனை நாளும் தன் சீரைத் தானே தவணை கட்டி வாங்கியிருக்கிறாள். நாய்க்குக் கிடைத்த தேங்காய் மாதிரி அதை இவர் பூட்டி வைத்துக் காவல் காத்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. மகளுக்கென்றுதான் வைத்திருக்கிறார்.

“நான் அம்மாவுக்கு வாங்குனது” என்றாள். நீட்டிய கையை எடுக்கவில்லை.

கூடத்தில் பாட்டு நின்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் பார்க்கிறது என்றால் அருளப்பன் தானாக இறங்கி வந்துவிடுவார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அறைக்குள் அட்டைப்பெட்டி கழற்றாமல் பிரிட்ஜ் ஒரு மூலையில் நின்றது, மெஷின் ஒரு மூலையில். நடுவில் கட்டில். இவாஞ்சலின் உறையைப் பிடித்து இழுத்துக் கிழித்தாள். கிழிந்ததும் கிளம்பிய நாற்றத்தில் பின்னால் வந்த பொன்மணி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்த அறையின் மேற்குச் சுவர் மழைக்கெல்லாம் ஓதம் காக்கிற சுவர். தண்ணீர் உறைக்குள் இறங்கி வெளியேற வழியில்லாமல் நின்று, மெத்தை முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பிடித்திருந்தது. ஒரு மூலையைச் சுண்டெலி குடைந்து குட்டி போட்டிருந்தது. ரோமம் முளைக்காத சிவந்த குட்டிகள் வெளிச்சத்தில் நெளிந்தன.

அருளப்பன் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, “மெத்தைதான… வேற மாத்திக்கிடலாம்” என்றார். பெண்டாட்டி செத்துக் கிடக்கும் வீட்டில், அவர் இதுவரை பேசியதெல்லாம் செலவைப் பற்றியும் கட்டிலைப் பற்றியும்தான்.

இவாஞ்சலின் மெத்தையை ஒற்றை ஆளாய் இழுத்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் காலை ஒதுக்கிக்கொள்ள, கூடத்தின் குறுக்கே தரதரவென்று இழுத்துப் போய்த் தெருவில் தள்ளினாள். அந்நேரம் பார்த்துக் காரிலிருந்து இறங்கிய பிரிஸ்கில்லா கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். மில் ஆட்கள் நாலு பேர் கட்டிலைக் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி மாட்டினார்கள். பலகை மேல் வெள்ளை விரிப்பைப் போட்டு, இவாஞ்சலின் தலையைத் தாங்க, பிச்சையம்மாள் காலைப் பிடிக்க, ஏசம்மாளை அதில் ஏற்றிக் கிடத்தினார்கள். அத்தனை பெரிய கட்டிலில் அவள் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கால்களை நேராக்கி வைத்தாள். கட்டிலில் படுத்திருந்தாலும் அந்த அட்டாக் வந்திருக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

சவப்பெட்டி வந்தது. கல்லறைத் தோட்டத்தில் போதகர் வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். வீட்டில் ஜெபம் முடிந்து, கஞ்சி குடித்தவர்கள் குடித்து, பாதிப் பேர் கிளம்பினார்கள். கட்டிலைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கொல்லையில் நிறுத்து, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று பொன்மணி தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் தலையை ஆட்டினார்.

பிரிஸ்கில்லா இவாஞ்சலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தடவினாள். அம்மா தேவனிடத்தில் இளைப்பாறுகிறாள், அழக் கூடாது என்றாள். இவாஞ்சலினோ அழவே இல்லை. தடவுகிற கையில் வளையல்கள் குலுங்கின. பிறகு குரலில் தேன் கலந்து விஷயத்துக்கு வந்தாள்.

“கட்டில் மட்டும் வேற ஒண்ணு பாத்துக்கிடலாம்மா. மத்தது பெட்டி பிரிக்காமத்தான இருக்கு, அதுல தோஷமில்ல.”

தோஷம் எந்த வேதாகமத்தில் இருக்கிறதோ, அந்த மகராசிக்குத்தான் வெளிச்சம். இவாஞ்சலின் தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள். துப்பட்டாவில் ஒரு தடவை துடைத்தாள். எழுந்து போய், கூடத்தின் நடுவில் கிடந்த கட்டிலில் ஏறி, அம்மா கிடந்த அதே வெள்ளை விரிப்பின் மேல் காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினாள்.

பொன்மணிதான் முதலில் வாயைத் திறந்தாள். “ஏட்டி, பொணம் கெடந்த எடம். எந்திரி.”

அவள் எழுந்திரிக்கவில்லை. பிரிஸ்கில்லா வாசலுக்குப் போய்ச் செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அருளப்பன் ஒரு பார்வை வாசலிலும் ஒரு பார்வை கட்டிலிலுமாக நின்று தவித்தார். பிறகு கிட்டே வந்து குனிந்தார்.

“எந்திரிம்மா. அவிய பாக்காவ.”

இவாஞ்சலின் கண் திறக்கவில்லை. கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு, ஒருக்களித்துப் படுத்தாள்.