மல்சுன் அக்கா வைத்த விருந்து

முதலில் உப்பை எடுக்க வேண்டும். எங்கள் கடையில் கானாங்கெளுத்தி மீனை முதல் நாளே உப்பில் போட்டு வைத்து, மறுநாள் கரி அடுப்பில் சுட்டுக் கொடுப்போம். மனிதன் பக்கத்தில் சோறும் சூப்பும் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறான், அவனுக்குச் சரி. பூனைக்கு அது விஷம். தெருப்பூனைகளைப் பார்த்து, "அடேயப்பா, என்ன கொழுப்பு பாரு!" என்பார்கள் எங்கள் இஞ்சோன் ஊர்க்காரர்கள். கொழுப்பாவது மண்ணாவது. மிச்சச் சோற்றுத் தொட்டியைக் கிளறி உப்பைத் தின்று வீங்கிப்போன உடம்பு அது. அதனால் சாப்பிட்டு எழுந்தவர்களின் தட்டிலிருந்து தலை, வால், நடுமுள்ளில் ஒட்டிய சதை எல்லாவற்றையும் வழித்து ஒரு பானையில் போடுவேன். கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டுவேன். மறுபடி கொதிக்கவைத்து மறுபடி கொட்டுவேன். பிறகு உட்கார்ந்து முள் எடுப்பேன்.

நான் அந்தக் கடையில் பாத்திரம் கழுவுகிறவள். முதலாளி மல்சுன் அக்கா. அறுபத்தேழு வயதிலும் அடுப்பை வேறு யாரையும் தொடவிட மாட்டாள்.

"ஏய் யங்சிம், உன் புருஷனுக்கு ஒருநாள் இப்படி முள்ளு எடுத்துக் குடுத்திருந்தா அவன் ஏன் ஓடப் போறான்?" என்பாள்.

"எடுத்துக் குடுத்தேன்க்கா. அதான் தொண்டையில எதுவும் சிக்காம ஓடிட்டான்."

அடுப்புக்கு முன்னால் நின்று அவள் சிரிக்கிற சிரிப்பில் சாம்பல் பறக்கும்.

கடையின் பின்வாசலுக்கு வந்துகொண்டிருந்தவை பத்துப் பன்னிரண்டு பூனைகள். வரிவரியாக இருக்கும் பூனையைக் கானாங்கெளுத்தி என்றுதான் இங்கே எல்லாரும் கூப்பிடுவார்கள். அப்படி எங்களிடம் மூன்று கானாங்கெளுத்திகள் இருந்தன. ஒற்றைக்கண் கிழட்டுக் கடுவன் ஒருவன். கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தவள் பால்மாடு. கோடைக் கடைசியில் அவள் குட்டி போட்டிருந்தாள். நான் ஊட்டி வளர்த்தேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அவள் ஒருநாளும் என்னைத் தொடவிட்டதில்லை. ஆனால் குட்டிகளை முதன்முதலாக வெளியே கூட்டிவந்தபோது, நான் பானையைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குத்தான் நேரே வந்தாள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட கர்வம், என் கல்யாணத்தன்றுகூட ஏற்பட்டதில்லை.

எங்கள் மேட்டுத்தெருவை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்பது பழைய செய்தி. பல வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்ததால் யாரும் நம்பவில்லை. திடீரென்று வசந்தத்தில் நம்பவேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு வீடாகக் காலியானது. காலியான வீட்டின் சுவரில் சிவப்புச் சாயத்தில் பெரிய பெருக்கல் குறி போட்டார்கள். மனிதர்களுக்குக் கெடு கொடுத்தார்கள், இழப்பீடு கொடுத்தார்கள். பூனைக்கு யார் தாக்கல் சொல்வது?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இடிக்கிற இயந்திரம் வந்தால் பூனை தெருவைவிட்டு ஓடாது. சத்தம் கேட்டால் தனக்குத் தெரிந்த ஆழமான பொந்துக்குள், வீட்டுத் தரைக்கு அடியில் போய்ப் பதுங்கும். சத்தம் பெரிதாகப் பெரிதாக இன்னும் உள்ளே போகும். பிறகு அதன் மேல் வீடு விழும். சரி, பிடித்துக் கூண்டில் போட்டு வேறிடத்தில் விடலாமே என்றால், விட்ட அன்றே வீட்டைத் தேடித் திரும்பிவிடும். அதுவாக நடந்து வந்து, இதுதான் இனி நம் இடம் என்று அதுவாக முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரே வழி, சாப்பாட்டுக் கிண்ணத்தை நகர்த்துவது. இன்றைக்கு வைத்த இடத்திலிருந்து நாளைக்கு ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு முழம் தள்ளினால் வராது. மழை பெய்தால் ஒருநாள் வீண். இடிக்கப்போகும் தெருக்களில் பூனைக்குச் சோறு போடும் பெண்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம். எங்களைப் பைத்தியங்கள் என்று அழைப்பவர்களுக்கு இந்தப் பொறுமை ஒருநாளாவது வாய்க்குமா என்று பார்க்கிறேன்.

பின்வாசலில் தொடங்கினேன். சந்து வழியாக, படிகள் வழியாக, சாலைக்கு அடியில் மழைநீர் போகும் பெரிய குழாய் வழியாக, மறுபக்கத்து முள்ளங்கிப் பாத்திகள் வரைக்கும் கிண்ணம் போக வேண்டும். அந்தச் சரிவு இடிக்கிற எல்லைக்கு வெளியே இருந்தது. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரைக்கும் என் வாழ்க்கை அந்தக் கிண்ணத்தின் பின்னால்தான் நகர்ந்தது.

"இன்னிக்கு எங்க வந்திருக்கு உன் ஊர்வலம்?" என்று காவலாளி குவாக் தினமும் கேட்பான். ஐம்பது வயதுக்காரன், இடிக்கிற நிறுவனத்தின் மஞ்சள் சட்டை போட்டவன், ஆனால் மனுஷன்.

"நீ அந்த சாசேஜ் துண்டைக் கீழ போடாம இருந்தா சீக்கிரம் போய்ச் சேந்துரும் தம்பி."

"ஒரு துண்டுதான்க்கா..."

"ஒரு துண்டும் கூடாது. பழைய இடத்துல ஒரு பருக்கை கெடச்சாலும் திரும்பி வந்துரும். புரியுதா?"

குழாய்தான் பெரும் பாடு. இருட்டுக்குள் நுழைய எதுவும் சம்மதிக்கவில்லை. முதலில் ஒற்றைக்கண்ணன் போனான். ஒரே கண் இருப்பவனுக்கு இருட்டைப் பற்றி என்ன கவலை என்றாள் மல்சுன் அக்கா. கடைசியில் போனவள் பால்மாடு. ஒரு வாரம் இந்தப் பக்கத்து வாயில் உட்கார்ந்து கத்தினாள். நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிண்ணத்தைத் திரும்ப எடுத்து வராமல் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாலையில் குட்டிகள் வரிசையாகப் பின்னால் வர, வெளியே வந்தாள். முள்ளங்கி இலைகளுக்கு நடுவே அவள் சாப்பிடுவதைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை, அங்கே யாரும் இல்லை.

இடிக்கிற தெருவைச் சுற்றி வேலி அடித்து மூடுகிற நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வாரமே எல்லாமே மறுபக்கம் இருந்தன. சரிவில் கிடந்த பழைய கொட்டகைக்கு அடியில் படுக்கவும் பழகிவிட்டன. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மல்சுன் அக்காவின் கடையும் அதே திங்கட்கிழமைதான் காலியானது. அவள் தேஜோனில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறாள். அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் வாசலிலிருந்து யாரும் சாப்பிடாமல் போனதில்லை. கடையைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசோடு வந்த ஆளைக்கூட உட்காரவைத்து முழு மீன் சுட்டுப் போட்டவள் அவள். "பாவம், அவன் எத்தனை பேர்கிட்ட திட்டு வாங்கினானோ, வயித்துல என்ன இருக்கப்போவுது" என்றாள். அந்த ஆள் இரண்டாவது கிண்ணம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நோட்டீசை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

கிண்ணம் நகர்ந்த கதை முழுவதும் அவளுக்குத் தெரியும். பழைய இடத்தில் எதுவும் போடக் கூடாது என்று நான் குவாக்கைத் திட்டும்போது பக்கத்தில் நின்று, "நல்லாக் கேளு அவனை" என்றவளே அவள்தான். மாதக்கணக்காகத் தொட்டியின் மூடிமேல் செங்கல் வைத்து, ஒரு முள்ளும் வெளியே விழாமல் பார்த்துக்கொண்டாள்.

திங்கள் காலை நான் வேலை கேட்டு ஒரு பள்ளிச் சமையலறைக்குப் போயிருந்தேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அக்காவிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. கடையின் பின்வாசல். நல்ல தட்டுகள், விருந்தினருக்கு வைக்கிற பூப்போட்ட தட்டுகள், வரிசையாகத் தரையில். ஒவ்வொரு தட்டிலும் பொன்னிறமாகச் சுட்ட மீன். தட்டுகளைச் சுற்றிக் கானாங்கெளுத்திகள். ஒற்றைக்கண்ணன். குட்டிகளோடு பால்மாடு.

உடனே அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"எல்லாரும் வந்தாங்கடி!" மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். "உறைபெட்டியில இருந்த மீன் மொத்தத்தையும் சுட்டேன். புகை அந்தப் பக்கம் போச்சு பாரு, ஒவ்வொண்ணா வந்து நின்னுச்சு. உப்பே போடல, நீ சொன்ன மாதிரிதான். முள்ளுகூட எடுத்தேன், கண்ணாடி போட்டுக்கிட்டு. இத்தனை வருஷம் என் வாசல்ல கெடந்துச்சுங்க. ஒரு வாய் போடாம எப்படிடி கெளம்புறது?"

"அக்கா, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வண்டியில. மருமகன் ஓட்டுறான். உங்கிட்ட சொல்லாம போறேன்னு கோவப்படாத, சாமான் வண்டிக்காரன் அவசரப்படுத்திட்டான்."

போனை வைத்தேன். அவளைப் பொறுத்தவரை அது தீனி இல்லை. தொட்டியில் விழுகிற மிச்சத்தைப் பற்றித்தான் நான் பேசினேன் என்பது அவள் எண்ணம். கிளம்புகிறவள் போடுகிற சாப்பாடு வேறு. அது மரியாதை. அதில் என்ன தப்பு வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அவள் மல்சுன் அக்காவே இல்லை.

வரிசையை விட்டு எழுந்து ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது இரும்புத் தகட்டு வேலி முழுசாக நின்றது. மேல்தெருவில் இயந்திரம் இடித்துக்கொண்டிருந்தது. குழாயின் வாய்க்கும் தகடு அடித்துவிட்டார்கள். முள்ளங்கிப் பாத்தியில் ஒரு பூனைகூட இல்லை.

குவாக் கதவருகே நின்றான். என்னைப் பார்த்ததுமே அவன் முகம் செத்துவிட்டது.

"அக்கா, நான் ஒண்ணும் போடல. சத்தியமா."

"தெரியும். கதவைத் தொற."

"என் வேலை போயிரும்."

"போவட்டும். தொற!" என்று கத்தினேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "தம்பி, கெஞ்சிக் கேக்குறேன்" என்றேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை. அது எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி கேட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு இயந்திரத்தை நிறுத்தியதும் அவன் கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தான். "அவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்தான்க்கா. அடுத்து இடிக்கப்போறது உங்க கடை வரிசைதான்."

பின்வாசலில் தட்டுகள் பளபளவென்று கிடந்தன. அவ்வளவு சுத்தமாக நக்கியிருந்தன பூனைகள். பக்கத்து வீட்டு அடுப்படித் தரையில் ஒரு வெடிப்பு, முன்பெல்லாம் குளிர்காலத்தில் அவை அதற்குள்தான் படுக்கும். குப்புறப் படுத்துப் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். ரொம்ப உள்ளே கண்கள் தெரிந்தன. இரண்டு, நான்கு, இன்னும் நிறைய. ஒற்றையாக ஒன்று.

என் பையில் நேற்றைய மீன் இருந்தது. வெடிப்பின் வாயில் வைத்தேன். "வாடி, பால்மாடு, வா கண்ணு" என்றேன். கண்கள் அசையவில்லை. பசித்த பூனையென்றால் பயந்து பயந்தாவது மூக்கை நீட்டும். பசிதான் இத்தனை மாதமும் என் கையிலிருந்த ஒரே கயிறு. அவற்றை முழம் முழமாகக் குழாய் தாண்டி இழுத்துப் போனது நான் இல்லை, அந்தப் பசி. இன்றைக்கு ஒன்றுக்குமே பசியில்லை. பிறந்ததிலிருந்து ஒருநாளும் இப்படி வயிறு நிறையச் சாப்பிட்டிருக்காது. நாளைக்கு இதே நேரம் பசிக்கும், நாளைக்கு இந்த வீடு இருக்காது.

கையை உள்ளே விட்டேன், தோள்வரைக்கும். விரல் நுனிக்கு மண்தான் தட்டியது. கல்லைப் பெயர்க்கப் பார்த்தேன், நகம் பெயர்ந்தது. குவாக்கும் ஒரு கம்பியோடு வந்து நெம்பினான். நெம்ப நெம்ப அவை இன்னும் உள்ளே போயின. கடைசியில் கண்களும் தெரியவில்லை.

"அக்கா, வாங்க" என்றான். "ஆளுங்க வர்றாங்க." நான் எழவில்லை. அவன்தான் என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி வெளியே கூட்டிவந்தான். மேற்பார்வையாளரிடம் போய், இன்று ஒருநாள் அந்த வரிசையை விட்டு வேறு வரிசையை எடுங்கள் என்று கேட்டேன். கையெழுத்து வாங்கிவா என்று வீட்டுக்காரர்களின் மறுகட்டுமானச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே, அது நிறுவனத்தின் விஷயம் என்றார்கள். இருவருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் திரும்பி வந்தபோது இயந்திரம் எங்கள் வரிசையின் முதல் வீட்டில் இருந்தது.

வேலிக்கு வெளியே நின்று, தகட்டுக்கு அடியில் இருந்த சிறிய இடைவெளியில் மீனை வைத்தேன். தினமும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதுபோல் காலிக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டினேன். இயந்திரச் சத்தத்தில் அது என் காதுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. ஆனாலும் தட்டினேன்.

போன் அடித்தது. மல்சுன் அக்கா.

"வந்து சேந்துட்டேன்டி. பன்னிரண்டாவது மாடி. சன்னலத் தொறந்தா தலை சுத்துது." உடனே கேட்டாள்: "எல்லாம் நல்லா சாப்புட்டுச்சா? நான் இருந்து பாக்க முடியல, வண்டிக்காரன் ஹார்ன் அடிச்சிட்டே இருந்தான்."

இதுவரை யாருக்கும் பதில் சொல்லத் தயங்கியதில்லை நான். அவள் கேட்ட குரலில் அவ்வளவு ஆசை இருந்தது.

"சாப்புட்டுச்சுக்கா. தட்டுல ஒண்ணுமே மிச்சமில்ல."

"அப்பாடா. இனி நிம்மதியாத் தூங்குவேன்." பிறகு, "அது என்னடி டங்கு டங்குன்னு சத்தம்?" என்றாள்.

"பாத்திரம் கழுவுறேன்க்கா."

"பாத்தியா! அதுக்குள்ள வேலை கெடச்சிருச்சா உனக்கு!" அவள் சந்தோஷத்தில் கத்தியது போனுக்கு வெளியே கேட்டது. "நல்லா இரு. வேலையப் பாரு, வச்சிடறேன்."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு, நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.