கடைசிப் பீப்பாய்

போர் தொடங்கிய நாளிலிருந்து 'மார்டன்' என்ற அந்த நாசகாரிக் கப்பலுக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லை. டன்கர்க் கரையிலிருந்து நனைந்த சிப்பாய்களை அள்ளி வந்தது. மால்டாவுக்கு மாவு கொண்டுபோன கப்பல்களுக்குத் துணை போனது. அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகளோடு கண்ணாமூச்சி ஆடியது. எல்லாவற்றிலும் தப்பிய கப்பல், அயர்லாந்துக்கு மேற்கே ஒரு மத்தியானம் டார்பிடோ அடிபட்டு இரண்டாக முறிந்தது. நல்ல கப்பல், பாவம்.

ஜாகோவுக்குப் பின்தளத்தில் வேலை. நீர்மூழ்கி இருக்கும் இடமாகப் பார்த்துப் பீப்பாய்க் குண்டுகளைக் கடலில் விடுவான். குறித்த ஆழம் போனதும் அவை வெடிக்கும். கப்பலோடு சேர்ந்து மூழ்கினாலும் வெடிக்கும். நீந்துகிற சொந்த ஆட்களின் குடல் கிழியும். அதனால் ஒவ்வொன்றையும் சாவி திருப்பி முடக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கப்பலைக் கைவிடச் சொல்லிக் கட்டளை வந்ததும் ஜாகோ விழுந்தடித்து ஓடி முடக்கினான். வழக்கப்படி கடைசியாக, பீப்பாயைக் கடலில் வீசும் இடப்பக்கத்து எறிபொறியை நோக்கித் திரும்பியபோது தளம் சரிந்தது. வழுக்கிக் கடலில் போய் விழுந்தான்.

எண்ணெய் மிதந்த தண்ணீரில் தலை தூக்கி மூச்சு வாங்கிய பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. இடப்பக்கத்துப் பீப்பாயை முடக்கவில்லை. சுற்றிலும் தெரிந்த முகங்கள். அத்தனை பேரையும் தானே கொல்லப்போகிறோம் என்று நினைத்தான்.

"தள்ளிப் போங்கடா. மல்லாந்து படுங்க. வயிறு தண்ணிக்கு மேல இருக்கட்டும்."

அவனோடு அதே பொறியில் வேலை பார்க்கும் மாசப், மிதவையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் வாய் கடலிலும் ஓயாது.

"ஏன்டா, பிளைமவுத் பீச்சுக்கு வெயில் காயவா வந்திருக்கோம்?"

"சொன்னதச் செய்டா, நாயே."

காரணத்தைச் சொன்னால் பயத்திலேயே பாதிப் பேர் போய்விடுவார்கள். அவன் சொல்லவில்லை. ஜாகோவின் குரலில் என்ன கேட்டதோ, மாசப் முதலில் மல்லாந்தான், மற்றவர்களும் மல்லாந்தார்கள். கப்பலின் பின்பாதி நிமிர்ந்து நின்று, மெல்ல உள்ளே போனது. ஜாகோ கண்ணை மூடிக்கொண்டான்.

குமிழி வந்தது. எண்ணெய் வந்தது. யாரோ ஒருவன் கப்பலை நினைத்து விம்மினான். வேறு சத்தமே இல்லை. ஜாகோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

துணைக்கு வந்த சின்னக் காவல் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு, கம்பளியும் ஆளுக்கொரு குவளை ரம்மும் கொடுத்தது. ஜாகோ குவளையோடு மாசப்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மாசப், உங்க எல்லாரையும் கொன்னிருப்பேன்டா. இடப்பக்கத்துப் பீப்பாய முடக்காம வந்துட்டேன். ஏன் வெடிக்கலன்னே புரியல."

மாசப் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"எந்தப் பீப்பாய்?"

"நம்ம பொறில இருந்ததுதான்."

"அடக் கிறுக்கா, அதக் கடைசியா நீயும் நானுந்தானே கடல்ல விட்டோம்? அடுத்தத ஏத்துறதுக்குள்ள நமக்கு அடி விழுந்துருச்சு. வெறும் பொறிடா அது."

ஜாகோ வாயைப் பிளந்தான். மாசப் விடவில்லை.

"அப்ப இல்லாத குண்டுக்கா என்னை அந்தக் குளிர்ல மல்லாக்கப் போட்ட?"

"ஆமாடா."

சொல்லிவிட்டு ஜாகோ சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அவன் மாசப்பின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதான். மாசப் இந்த முறை கேலி செய்யவில்லை. தன் பங்கு ரம்மில் மிச்சமிருந்ததை அவன் குவளையில் ஊற்றினான்.