எடுக்கவா, விடவா

குப்பைமேனியை வேரோடு பிடுங்கி மண்ணை உதறிப் போட்டுவிட்டு, அவள் அடுத்த செடியைப் பிடித்தாள்.

"இதுப்பா?"

"தும்பை. இருக்கட்டும்."

அப்பா வாசலில் சாய்வு நாற்காலியில், கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தார். வெயில் ஏறியும் குளிருகிறது என்றார். லாரி ஓட்டிய காலமெல்லாம் வீடு தங்காத மனுஷன். நோய் வந்து வண்டியை விட்ட பிறகுதான் இந்தத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்தார். தானாக முளைத்ததை எல்லாம் வளரவிட்டார். இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது.

காலையில் அண்ணன் போனில் சொல்லியிருந்தான்: "தோட்டத்த இன்னைக்கே சுத்தம் பண்ணிடு. டாக்டர் சொன்னத நீயும்தான கேட்ட? ஆளுங்க வந்தா எங்க உக்காருவாங்க?"

அப்பாவிடம் அவள், பாம்பு வரும் என்று மட்டும் சொன்னாள்.

"நெருஞ்சி?"

"விடு. உங்கண்ணன் கீழ பாத்து நடக்கட்டும்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நாற்காலி எத்தன சொல்லியிருக்கான்?"

அவள் கை செடியிலேயே நின்றது. "என்ன நாற்காலிப்பா?"

"பாம்புக்கா இவ்ளோ இடம்?" இருமல் அடங்கும்வரை காத்திருந்தார். "பரவால்லம்மா. அந்த மூலைய மட்டும் என்னக் கேட்டு எடு."

அவள் முகத்தைக் காட்டாமல் மூலைக்குப் போய், அவருக்கு முதுகு காட்டிக் குந்தினாள். கண் வடிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"கீழாநெல்லி எடுக்கவா, விடவா?"

"விடு."

"இந்தக் கொடி?"

பதில் இல்லை. எடுக்கலாம் போல என்று இழுத்தாள்.

"தொட்டாச்சிணுங்கிப்பா. கையெல்லாம் குத்துது. எடுத்துடவா?"

கோபம் போலிருக்கிறது. இருக்காதா பின்னே? அதையும் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் கேட்டாள், கேட்டுக் கேட்டுப் பிடுங்கினாள். கடைசியில், அவர் விடச் சொன்ன கீழாநெல்லியையும், கை போன போக்கில். மூலை வெறும் மண்ணாயிற்று.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து திரும்பினாள். போர்வை அவர் நெஞ்சின் மேல் அசையாமல் கிடந்தது.

அண்ணன் வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்பாவை உள்ளே கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் வெகுநேரம் நின்றான். பிறகு ஜன்னல் பக்கம் போனான்.

"எப்போ போனாரு?"

"தெரியல. நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன்."

அவன் வெளியே வெறும் மண்ணாய்க் கிடந்த மூலையைப் பார்த்தான்.

"அந்த மூலையில என்னக் கால் வைக்கவே விடமாட்டாரு. உனக்கு எப்படிச் சரின்னாரு?"

"ஒண்ணும் சொல்லலண்ணா."

அவள் குழாயடிக்குப் போய்க் கையை நீட்டினாள். தண்ணீர் வெகுநேரம் பழுப்பாகவே ஓடிக்கொண்டிருந்தது.