பின் பிளேட்

ஒரு பஸ்ஸின் முன் நம்பர் பிளேட்டை வீட்டுச் சுவரில் மாட்டினால் அதன் பயணிகள் வந்து ஏறிக்கொள்வார்கள். பின் பிளேட்டையும் மாட்டினால்தான் இறங்குவார்கள். பழைய நம்பர் பிளேட் சேர்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். சிங்கம்புணரி சேவுகமூர்த்திக்கும் தெரியும். ஆனாலும் அறுபத்திரண்டாம் வருடத்துப் பஸ் ஒன்றின் முன் பிளேட்டைக் கண்டதும் மனுஷருக்குக் கை சும்மா இருக்கவில்லை. வாங்கிவந்து கூடத்தில் மாட்டிவிட்டார்.

கண்டக்டரோடு சேர்த்துப் பதினொரு பேர் ஏறினார்கள். பத்தொன்பது வருடமாகக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. கண்டக்டரின் கைக்கடிகாரத்தில் காலை எட்டு இருபதுதான் ஆகியிருந்தது. முன் சீட்டில் பூமயில் என்ற பெண், பட்டுப்புடவையும் மடியில் மாலையுமாக. அவளுக்கு ஒன்பது மணிக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சேவுகமூர்த்தி வீட்டுக் கொல்லையிலேயே முருங்கை மரத்தடியில் காத்திருந்தார்கள். நாலு எட்டில் போய்விடலாம். ஓடுகிற வண்டியில் இறங்கக் கூடாது என்று கண்டக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பெரியப்பா, பின் பிளேட்டு கெடைச்சுதா?" என்று பூமயில் தினமும் கேட்பாள்.

"தேடிக்கிட்டேதாம்மா இருக்கேன்."

பொய்யில்லை. போன வெள்ளிக்கிழமை காரைக்குடிப் பழைய சாமான் கடையில், ஒரு ஆட்டுக்கல்லுக்கு அடியில் அது கிடைத்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, முன் பிளேட்டுக்கு நேர் கீழே ஒரு விரற்கடை விட்டு மாட்டினார். நாற்பது வருடமாகப் பிளேட் சேர்த்ததில் அவருக்கு அமைந்த முதல் ஜோடி. தள்ளி நின்று பார்த்தார். நெஞ்சு நிறைந்துபோயிற்று.

கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி நின்றது, கடிகாரம் ஓடத் தொடங்கியது. எல்லோரும் இறங்கினார்கள். இறங்கிய இடம் முன் பிளேட்டுக்கு எதிரே இருந்ததால் மறுபடியும் ஏறினார்கள். பூமயில் ஆறு தடவை இறங்கி ஆறு தடவை ஏறினாள். மாலையில் பாதி உதிர்ந்துவிட்டது.

"என்னங்க, பின் பிளேட்டக் கழட்டிக் கொல்லச் சுவத்துல மாட்டுங்க," என்றாள் அவர் மனைவி மரகதம்.

"ஜோடியப் பிரிக்கச் சொல்றியா? எவனாவது பிரிப்பானா?"

"மணி எட்டு அம்பத்தஞ்சு. ஒங்க பிளேட்டு பெருசா, அந்தப் புள்ள தாலி பெருசா?"

அவருக்கு ஜோடி அமைந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பூமயில் ஏழாவது தடவையாக இறங்கினாள்; உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. தன் கையாலேயே ஆணியைப் பிடுங்கினார்.

கொல்லைச் சுவரில் பிளேட்டை மாட்டியதும் பதினொரு பேரும் முருங்கை மரத்தடியில் இறங்கினார்கள். ஒன்பது மணிக்குத் தாலி ஏறியது. அட்சதை போடும்போது சேவுகமூர்த்திக்குக் கண் கலங்கியது. அவ்வளவு சந்தோஷம். பிளேட் ஞாபகமே வரவில்லை.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா தாம்பூலப் பை கொடுத்தார். பை கனத்தது. "நாங்கள்லாம் ரயில்ல வந்தவங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வெற்றிலை பாக்குக்கு அடியில் ரயில் எஞ்சினின் முன் நம்பர் பலகை இருந்தது.

மரகதம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுச்சுவர எடுத்துட்டா எத்தன பெட்டி நிக்கும்?"

"ஒம்பது," என்று சொல்லிவிட்டு சேவுகமூர்த்தி ஆணி தேடப் போனார்.