குதிரையில்லாத குதிரைப்படை

அஷ்ஃபாக் மேசைமேல் ஏறி நின்று, உள்ளறைச் சுவரில் ஒட்டியிருந்த தாள்களை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். கஞ்சிப் பசை. ஆறு வருஷமாகச் சுவரோடு ஒட்டிக் கிடந்தவை லேசில் வருவதாக இல்லை. முன்கூடத்தில் அவனுடன் பிறந்த மூத்தவர், காக்கா அப்துல் பாரி, வெள்ளைத் துணிக்கடியில் மய்யித்தாகக் கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், தண்ணீர் கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

"மதினி, வார்டு ஆபீஸ்லேர்ந்து ஆள் வர்றதுக்குள்ள இதெல்லாம் போயிரணும்."

"அது விளையாட்டுக்கு எழுதி வச்சது, தம்பி," என்றாள் ஜஸீலா.

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். பாக்குறவனுக்கு?"

ஜஸீலா சுவரைப் பார்த்தாள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவள் புருஷன் கட்டம் கட்டமாகப் போட்டு, கோடிழுத்து இணைத்திருந்தார். மேலே படைத் தலைமை. அதன் கீழே இரண்டு ரெஜிமெண்ட். அவற்றின் கீழே கம்பெனிகள், வேவு வண்டிகள், டாங்கிகளைச் சுடும் பீரங்கிகள், பாலம் கட்டுகிறவர்கள், தந்திக்காரர்கள். பக்கத்தில் ஒரு பலகையில் நீலச் சாயத்தில் ஓர் ஆறு, அதன்மேல் இரண்டு பாலம். போலந்து தேசத்து ஆறு என்று அவர் சொல்வார். ரங்கூனின் இந்தத் தாகேதாவில் இருப்பவன் பார்த்தால் வாசலுக்கு அப்பால் ஓடும் பசுண்டவுங் ஓடை என்றுதான் நினைப்பான். ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பிக்குகள் ஊர்வலம் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆட்களைப் பிடித்துப்போவது இன்னும் நின்றபாடில்லை.

கல்யாணமான புதிதில் இல்லாத பித்து அது. ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை குறைந்த நாளில் பிடித்தது. 1939 சண்டையில் போலந்துக்காரர்களிடம் குதிரைப்படை ஒன்று இருந்ததாம். குதிரைகளை எடுத்துவிட்டு லாரியிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏற்றிவிட்டார்களாம். "குதிரை இல்லாம என்ன குதிரைப்படை?" என்று அவள் கேட்டதற்கு, "பேரு போகாது புள்ள, குதிரைதான் போகும்," என்றார். அந்தப் படையில் எத்தனை லாரி, எத்தனை துப்பாக்கி என்று சொல்லும் புத்தகம் ரங்கூனில் எவரிடமும் இல்லை. நடைபாதைப் புத்தகக் கடைகளில் கிடைத்த கிழிசல் பத்திரிகைகளிலிருந்தும், ஒரு மங்கல் போட்டோவில் தெரிந்த சக்கரங்களை லென்ஸ் வைத்து எண்ணியும் அவரே கட்டிக்கொண்டு வந்தார். பால் டப்பாத் தகரத்தை வெட்டி, ஈயம் பற்றவைத்து, கட்டைவிரல் அளவு லாரிகள் செய்தார். மாதம் ஒருமுறை ரயிலேறி இன்சீனுக்குப் போய், ரயில்வேயில் இருந்த குழந்தைவேலுவோடு பகடை உருட்டிச் சண்டை போட்டுவிட்டு வருவார். பெரும்பாலும் தோற்றுத்தான் வருவார். இல்லாத ஒரு பீரங்கியைச் சேர்த்துக்கொண்டு ஜெயிப்பது ஹராம் மாதிரி அவருக்கு. ஒரு கம்பெனியே தப்பு என்று தெரியவந்த நாளில் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்டார்.

அஷ்ஃபாக்குக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. எண்பத்தெட்டுக் கிளர்ச்சியில் சட்டைப்பையில் இருந்த ஒரே ஒரு துண்டுத்தாளுக்காக இன்சீன் ஜெயிலில் மூன்று வருஷம் கிடந்தவன். வெளியே வந்தபின் மளிகைச் சீட்டைக்கூட மனப்பாடம் பண்ணிக்கொண்டு கிழித்துவிடுவான். சூடு கண்ட பூனை. ஊரே அவனைக் கேலி பண்ணியது. காக்கா மட்டும் பண்ணியதில்லை.

"எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க?" என்று கேட்டாள். "மய்யித்து வீட்ல அடுப்பு எரியக் கூடாது. புகை வந்தா நாலு பேரு கேப்பாங்க."

அவன் தாள்களோடு மேசையிலிருந்து இறங்கினான். மூன்று நாளைக்கு அக்கம்பக்கத்துச் சோறுதான். அந்த வீட்டில் மூட்டலாம் என்றிருப்பது ஒரே ஒரு தீ. அதை அவளேதான் சொன்னாள்.

"குளிப்பாட்டுற தண்ணி காயணும்ல. அதுல போடுங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கொல்லையில் மூன்று செங்கல் வைத்துப் பெரிய அண்டாவை ஏற்றினார்கள். இலந்தை இலையைத் தண்ணீரில் போட்டாள். முதலில் பலகையை உடைத்து வைத்தான். ஆறு கரியாகிப் போனது. பிறகு லாரிகள். ஈயம் சொட்டுச் சொட்டாக உருகி விழ, ஒட்டு விட்டுப்போய் அவை பழையபடி பால் டப்பாத் தகரமாகின. ஜஸீலா முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். புருஷன் செத்ததற்கு வராத அழுகை அந்தத் தகரத்துக்கு வந்தது.

சொந்தக்காரப் பெண்கள் வந்து, வெறிச்சோடிய அந்த உள்ளறையில் உட்கார்ந்து யாசீன் ஓதத் தொடங்கியபோது, வார்டு தலைவர் ஊ சோ லுவின் வந்தார். மய்யித்தின் முகத்தைப் பார்த்தார். அடக்கஸ்தலத்துக்கு வேண்டிய சீட்டில் கையெழுத்துப் போட்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

"மா ஜஸீலா, அந்த அறையைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று பர்மியத்தில் கேட்டார்.

அவள் உள்ளறை வாசலை மறித்து நின்றாள். "உள்ள பெண்கள் இருக்காங்க, ஊ சோ லுவின்."

"அப்படியா. சரி, சரி." அவர் சங்கடத்தோடு இடுப்பு லோன்ஜியைச் சரிசெய்துகொண்டார். "அந்தப் படத்தைச் சுவரிலேயே பார்க்கணும்னு ஆசை. புதுத் தாளை ஒட்டுறதுக்கு முன்னாடி ஆபீசுக்குச் சுருட்டிக் கொண்டுவந்துதான் காட்டுவார்."

"ஆபீசுக்கா?"

"ஆரம்பிச்ச அன்னைக்கே வந்தாரே. 'தூர தேசத்துப் படை, தோத்துப்போன படை, வெறும் விளையாட்டு. நாளைக்கு யாராவது வந்து சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்'னார். கட்டம் கூடும்போதெல்லாம் வந்து சொல்லிட்டுப் போவார். தம்பிக்கு மட்டும் தெரிய வேண்டாம், ஆபீஸ் பேரைக் கேட்டாலே தூங்க மாட்டான்னார். போன மாசம் மேலேர்ந்து ஒருத்தன் கேட்டான். அது கிழவன் பொம்மை விளையாட்டுன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்." மய்யித்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பத்திரமா வச்சுக்குங்க. அவ்வளவு உழைப்பு."

ஜஸீலா தலையசைத்தாள். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு நேரே கொல்லைக்கு வந்தாள். ஓட்டமும் நடையுமாகத்தான் வந்தாள்.

அஷ்ஃபாக் அடுப்பின் முன் குந்தியிருந்தான். முழங்காலடியில் இன்னும் ஒரு தாள் மிச்சம். படைத் தலைமையும் இரண்டு ரெஜிமெண்டும் இருந்த பெரிய தாள். புகையில் அவன் கண் சிவந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் நிழல் விழுந்ததும் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தான்.

"என்ன மதினி? என்ன கேட்டான்?"

அந்த ஒரு தாளையாவது எடுத்துவிட வேண்டும். எடுத்தால் ஏனென்று சொல்ல வேண்டும். சொன்னால், காக்காவைக் குழிக்குள் இறக்கப்போகிற இந்தக் கையே காக்காவின் ஆறு வருஷத்தை எரித்தது என்றும் சொன்னதாகிவிடும். எரிக்கச் சொன்னவள் அவள், அவள் தாங்கிக்கொள்வாள். இவன் தாங்கமாட்டான்.

"அந்த ரூமைப் பாக்கணும்னாரு," என்றாள்.

"பாத்தீங்களா. நான் சொன்னேன்ல." அவன் பெருமூச்சு விட்டான். பல வருஷத்துக்குப் பிறகு அவன் தோள்கள் இறங்கியதை அவள் பார்த்தாள். "என்னப் பைத்தியம்பாங்க எல்லாரும். காக்காவுக்காவது இன்னைக்கு ஒண்ணு செஞ்சேன்."

"ஆமா, தம்பி."

அவன் தாளை மடித்து அடுப்புக்குள் தள்ளினான். பசை காய்ந்த தாள், குப்பென்று பிடித்தது.

உள்ளேயிருந்து தண்ணீர் தயாரா என்று கேட்டார்கள். ஜஸீலா குனிந்து, இலந்தை இலையை விலக்கி, அண்டாவுக்குள் கையை விட்டாள். விட்ட கையை உடனே எடுக்கவில்லை.

"போதும், தம்பி," என்றாள். "எடுத்துட்டுப் போங்க."