தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கான உதவித்தொகை

எங்கள் ஊரில் அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் உதவித்தொகைகள் குன்றிலிருந்து இறங்கி ஏரிக்குத் தண்ணீர் குடிக்க வரும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சான்றிதழ் நகல்களை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார்கள். நகலில் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து இருக்க வேண்டும். அந்த மையின் வாசனை இல்லாவிட்டால் உதவித்தொகை கிட்டே வராது. ஊரில் பச்சை மை வைத்திருந்தவர் கால்நடை டாக்டர் ஒருவர்தான். அதனால் பிள்ளைகளும் சினைமாடுகளும் ஒரே வரிசையில் நிற்பது வழக்கம்.

என் மகள் மங்கையர்க்கரசி அந்த வருஷம் பதினோரு நாள் கரையில் உட்கார்ந்தாள். கணிதம் படிக்க ஆசைப்பட்டாள். உதவித்தொகை அமையாவிட்டால் ஜூன் மாதம் நூல் மில்லுக்குப் போக வேண்டும். மில் மேஸ்திரி வந்து அவள் உயரத்தை அளந்துகொண்டு போயிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் ஒன்று அவளிடம் வந்தது. நல்ல வளர்த்தி. நகல்களை ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு, "நான் தகப்பன் இல்லாத பிள்ளைங்களுக்கு" என்றது.

"எனக்கு அம்மாதான் இல்ல."

"அது வேற ஸ்காலர்ஷிப். போன வருஷமே ஒருத்தன் கூட்டிட்டுப் போயிட்டான்."

சாயங்காலம் வி.ஏ.ஓ. தணிகாசலம் வீட்டுக்கே வந்தார். "அண்ணே, மூணு வருஷம் இறந்தவரா இருந்துடுங்க. சர்டிபிகேட் நான் தர்றேன். சைக்கிள் கடையை வழக்கம்போலத் திறக்கலாம். ஓட்டு மட்டும் போட முடியாது."

எனக்குச் சம்மதம். துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அரசி வாசலை மறித்தாள்.

"போய் உக்காருங்கப்பா."

"மூணு வருஷந்தானேம்மா."

"நீங்க செத்துட்டா அப்ளிகேஷன்ல யாரு கையெழுத்துப் போடுவாங்க? தணிகாசலம் மாமாவா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

மறுநாள் அவள் ஏரிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். உதவித்தொகை தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எங்கப்பா உயிரோடதான் இருக்கார். இதோ நிக்கறார்" என்றாள். "உனக்கு அப்பா இருக்காரா?"

அது யோசித்தது. "என்னை ஆரம்பிச்சவர் போய் முப்பது வருஷம் ஆச்சு."

"அப்போ நீயே உனக்கு அப்ளை பண்ணலாமே."

இத்தனை வருஷம் யாரும் அதனிடம் அப்படிச் சொன்னதில்லை. அரசி விண்ணப்பத்தைத் திருத்தமான கையெழுத்தில் நிரப்பினாள். கால்நடை டாக்டர் அதன் பல்லைப் பார்த்து வயதை உறுதி செய்து, பச்சை மையில் கையெழுத்திட்டார். பாதுகாவலர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரத்தில் உதவித்தொகை தனக்கே கிடைத்துவிட்டது. அன்று காலை எங்கள் வாசலில் வந்து நின்றது.

"தகப்பன் இல்லாத பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. இனிமே நான் யார்கூட வேணா போகலாம்" என்றது.

அரசி தன் பெட்டியில் அதன் துணிக்கும் இடம் ஒதுக்கினாள்.

ஜூன் மாதம் மூவரும் ரயிலடிக்குப் போனோம். கல்லூரியே வந்து தண்டவாளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. மூன்று மாடி, முன்பக்கம் தூண்கள். பிளாட்பாரத்துக்கு வெளியே பாசஞ்சர் காத்துக்கிடந்தது. அரசியும் உதவித்தொகையும் படியேறி உள்ளே போனார்கள். நான் அந்த ரயிலின் ஜன்னல் ஜன்னலாகப் போய், "எங்க அரசியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கு" என்று சொன்னேன்.

"நல்ல காலேஜ்" என்றார் ஒரு பெரியவர். கல்லூரி திரும்புவதற்கு வசதியாக, ரயில் கொஞ்சம் பின்னால் போய்க்கொண்டது.